ஒரே பெட்டியில் எல்லா சார்ஜரும்: இரண்டு கோடை தாண்டிய அனுபவம்

மேசைமேல் வைக்கிற சார்ஜிங் ஸ்டேஷன் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அதன் பவர் வயரைப் பார்க்கச் சொல்வேன். சுவருக்குப் போகிற முனையில் மூன்று பின் இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். வாட், போர்ட் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என்னிடம் இருப்பது 100 வாட் ஸ்டேஷன். மூன்று டைப்-சி போர்ட், ஒரு பழைய யூஎஸ்பி-ஏ போர்ட். மதுரையில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். லேப்டாப், வீட்டில் இரண்டு ஃபோன், பிள்ளையின் டேப்லெட், இயர்பட்ஸ், வாட்ச் என்று எல்லாம் இந்த ஒரே மேசைக்குத்தான் வரும். முன்பு மேசைக்கடியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கிடக்கும். லேப்டாப் அடாப்டர் ஒன்றே பக்கத்து ஓட்டையையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். பெருக்கும்போது துடைப்பத்தில் ஏதாவது ஒரு வயர் சிக்கி பிளக் கழன்று வரும். இப்போது ஸ்டேஷனிலிருந்து கீழே போவது ஒரே வயர். மானிட்டர், வைஃபை ரவுட்டர், பிரிண்டர் மூன்றுக்கும் வழக்கம்போலத் தனித்தனி பிளக்தான். அவற்றை இந்தப் பெட்டி தீர்க்காது. மேசைக்கு மேலே இருந்த சிக்கல் போய்விட்டது, கீழே பாதி குறைந்திருக்கிறது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

வாங்குகிறவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த 100 வாட்டைப் பெட்டி எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது என்பது. லேப்டாப்பை மட்டும் செருகினால் முதல் போர்ட் 100 வாட் வரை தரும். கூட ஒரு ஃபோனைச் செருகினால் அது 65 ஆகவும், இரண்டாவது 30 ஆகவும் மாறும். மூன்றாவதையும் செருகினால் லேப்டாப்புக்கு 45 வாட்தான். பெரிய எக்செல் ஃபைலோடு வீடியோ காலும் ஓடும்போது 45 வாட் போதவில்லை. சார்ஜ் ஆகிறது என்று காட்டிக்கொண்டே பேட்டரி சதவீதம் மெல்ல இறங்கும். ஆகவே வேலை நேரத்தில் லேப்டாப்போடு ஒரு ஃபோன் மட்டும், மற்றதெல்லாம் ராத்திரி என்று வழக்கப்படுத்திக்கொண்டோம்.

இந்தப் பங்கீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. புதிதாக ஒன்றைச் செருகும்போதும் பிடுங்கும்போதும், ஓரிரு நொடி மற்ற போர்ட்டுகளிலும் கரன்ட் நின்று வரும். எந்தச் சாதனத்துக்கு எத்தனை வோல்ட் என்று பெட்டி புதிதாகப் பேசி முடிவு செய்கிற இடைவெளி அது. லேப்டாப்புக்கு உள்ளே பேட்டரி இருப்பதால் டிங் என்று ஒரு சத்தத்தோடு போய்விடும். ஆனால் ஸ்டேஷனிலிருந்து பவர் எடுத்து லேப்டாப்புக்குக் கடத்தும் யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) வைத்திருந்தால் கவனம் வேண்டும். அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் அந்த நொடியில் துண்டிக்கப்படலாம். பேக்கப் ஓடும்போது இங்கே யாரும் ஃபோனைக் கொண்டுவந்து செருகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அடுத்தது கேபிள். டைப்-சி கேபிள்கள் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்ட்டில் 60 வாட். 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிளின் தலைக்குள் 'நான் தாங்குவேன்' என்று சார்ஜருக்குச் சொல்கிற ஒரு சிறிய சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளைப் போட்டால் 100 வாட் பெட்டி வாங்கியும் பலன் இல்லை. லேப்டாப் கேபிளின் இரு தலையிலும் என் மனைவி ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தாள். அதன் பிறகு கேபிள் மாறிப் போவதே இல்லை. ஃபோனுக்கெல்லாம் ஒரு முழ நீளத்துக்கும் குறைவான குட்டைக் கேபிள்கள். சிக்கல் குறைந்ததில் பாதிப் பெருமை இந்தக் குட்டைக் கேபிள்களுக்குத்தான். ஸ்டேஷன் வாங்கிவிட்டு, பழைய நீளக் கேபிள்களையே சுருட்டி வைத்தால் மேசை பழையபடிதான் இருக்கும்.

மூன்று பின் விஷயத்துக்கு வருகிறேன். உலோக உடம்பு லேப்டாப்பை இரண்டு பின் சார்ஜரில் போட்டு, வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டு படுகிற இடத்தில் லேசாக விர்ரென்று ஒரு சுருசுருப்பு. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். சார்ஜருக்குள் மின் இரைச்சலைக் குறைக்கப் போட்டிருக்கும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வழியாகக் கசிகிற மிகச் சிறிய கரன்ட் அது. நல்ல சார்ஜரில் ஆபத்து இல்லை, ஆனால் நாள் முழுக்க அதன்மேல் கை வைத்திருக்க முடியாது. என் ஸ்டேஷனில் எர்த் இணைப்பு வெளியே வருகிற போர்ட் வரைக்கும் இருக்கிறது. மாட்டிய அன்றே அந்தச் சுருசுருப்பு நின்றது. எல்லா மூன்று பின் பெட்டியிலும் இப்படி இணைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதோடு, வீட்டு பிளக் பாயின்டில் எர்த் உண்மையாகவே வந்தால்தான் பயன். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய யூஎஸ்பி-ஏ போர்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரீசார்ஜ் டார்ச், டிரிம்மர், கொசு பேட் மாதிரி மலிவுச் சாமான்களில் இப்போது டைப்-சி ஓட்டை வைக்கிறார்கள். ஆனால் 'நான் மாட்டப்பட்டிருக்கிறேன்' என்று சார்ஜருக்கு உணர்த்தும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைச் சிலவற்றில் போடுவதே இல்லை. அப்படிப்பட்டதை சி-க்கு-சி கேபிளில் மாட்டினால் ஸ்டேஷன் கரன்டே விடாது. ஏ-யிலிருந்து சி-க்குப் போகிற பழைய கேபிளில் மாட்டினால் உடனே ஏறும். எங்கள் டிரிம்மரும் டார்ச்சும் அந்த ஒரு போர்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. சூப்பர்வூக் போலச் சொந்த வேக சார்ஜிங் முறை வைத்திருக்கும் ஃபோன்கள் இந்த ஸ்டேஷனில் மெதுவாகத்தான் ஏறும். அவற்றின் பெட்டியில் வந்த சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டாம்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு வாட்டை இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அடக்க முடிவது காலியம் நைட்ரைடு என்ற பொருளால். நீல எல்இடிக்காக 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்ததும் இதே பொருள்தான். சிலிக்கானைவிட வேகமாக ஆன், ஆஃப் ஆவதால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைச் சிறியதாக்கலாம். ஆனால் சூடு இல்லாமல் போவதில்லை. 90 வாட் வெளியே கொடுக்கும்போது சுமார் 10 வாட் உள்ளேயே வெப்பமாகிறது. அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில், முழு லோடில் பெட்டிமேல் கையை ஊன்றி வைக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அதுவே வாட்டைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், மேலே பேப்பர் எதுவும் படாமல், ஃபேன் காற்று நேராகப் படுகிற இடத்தில். இரண்டு கோடையும் இப்படியே தாங்கிவிட்டது. இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுவேன், இதில் எனக்கு ஒரே பிளக் என்பது பெரிய வசதி.

வாங்கும்போது அட்டைப்பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, எந்தப் போர்ட்டில் எத்தனை வாட் என்ற அட்டவணையைத் தேடுங்கள். அது அச்சிடப்படாத பெட்டியை நான் தொடமாட்டேன். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தப் பிராண்டுக்குக் கொடுத்த பதிவு என்று காட்டும். கையில் இருக்கிற பெட்டியின் பெயர் அதில் வரவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.