கந்தோரை முழுசாகத் தூக்குவதா, கண்டியில் கிளை திறப்பதா?

கொழும்பு நெரிசலைக் குறைக்க, பேசாமல் அரசாங்கக் கந்தோர்களை மலைநாட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு சாக்குமூட்டைதான் ஞாபகம் வரும். நான் எழுதுவினைஞராக இருந்த பிரிவு ஒரே வார இறுதியில் வேறு கட்டடத்துக்கு மாறியது. மேசை, அலுமாரி எல்லாம் பத்திரமாக வந்தன. கோப்புகள் சாக்கில் வந்தன, எந்தச் சாக்கில் எது என்று எழுதிய கொப்பி மட்டும் வரவில்லை. அப்புறம் கண்டியில் கிளை திறந்தபோது, வீடு ஹட்டனில் என்பதால், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

முழுசாக மாற்றினால் முடிவெடுப்பவரும் கையெழுத்துப் போடுபவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அது பெரிய வசதிதான். 1982இல் பாராளுமன்றமே ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேக்குப் போனது, பத்தரமுல்லையில் செத்சிறிபாய, இசுறுபாய என்ற அரசாங்கக் கந்தோர்க் கட்டடங்கள் வந்தன. ஆனால் அதெல்லாம் பக்கத்து ஊர், யாரும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. தென்கொரியாவில் 2012 முதல் அமைச்சுகளை சுமார் 120 கிலோமீற்றர் தள்ளி செஜோங்குக்கு அனுப்பினார்கள், பாராளுமன்றம் சியோலிலேயே நின்றுவிட்டது, அதிகாரிகள் பாதி நேரம் வழியில். கொழும்பிலிருந்து ஹட்டனும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான், கினிகத்தேனை வளைவுகளைக் கணக்கில் எடுக்காவிட்டால்!

குவார்ட்டர்ஸ், படி, வாடகை எல்லாம் பணம் இருந்தால் தீரும். தீராதது கோப்பு.

மலையகத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமை போனது. 2003 சட்டத்தில் அதைக் கேட்கும்போதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவர் அல்லது அப்படி இருந்தவரின் வழிவந்தவர் என்றுதான் காட்ட வேண்டியிருந்தது. தாத்தாவின் ஒரு கடுதாசியில் மூன்று தலைமுறை தொங்கிய குடும்பங்கள் இவை, ஒரு சாக்கு தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளை என்றால் மூலம் ஓரிடத்தில், பிரதி இன்னோரிடத்தில். 2025 நவம்பரில் டித்வா புயலில் மண்சரிந்து ரோடும் ரயில் பாதையும் அறுந்து கிடந்தபோது, நாட்டின் ஒரே கந்தோர் மலையில் இருந்திருந்தால் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் வேலை நடந்திருக்காது. களனி கங்கை பெருகினால் கொழும்புக்கும் இதே கதைதான்.

கணினியில் ஏற்றிவிட்டால் போதுமே என்பார்கள். அதே கொரியாவில், 2025 செப்டெம்பரில் தேஜோனில் அரசின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து 600க்கும் மேற்பட்ட சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்பு சேமித்துவந்த ஒரு கணினித் தொகுதிக்கு வேறெங்கும் பிரதி இல்லை, அது அழிந்தே போனது. கடுதாசியோ கணினியோ, ஒரே இடத்தில் வைத்தால் ஆபத்து ஒன்றுதான்.

கிளையிலும் ஓட்டை உண்டு. முதல் வருசம் எங்களுக்குக் கையெழுத்து அதிகாரம் தரவில்லை. கோப்பு வாரத்துக்கு ஒரு முறை வேனில் கொழும்பு போய் வரும், மஸ்கெலியாவிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவரிடம் “அடுத்த கிழமை வாங்க ஐயா” என்று சொல்ல வாய் கூசும். அதிகாரம் வந்த பிறகுதான் அவர் அன்றைக்கே வேலை முடித்துத் திரும்பினார். கையெழுத்து இல்லாத கிளை தபால்பெட்டி, அதற்கு முழு மாற்றமே மேல்.

என் அனுபவம் கவுண்டரோடு சரி. மக்கள் வரிசையே இல்லாத கொள்கைப் பிரிவுகளுக்கு முழுசாக மாறுவது பொருந்தலாம். அப்படியே மாற்றினாலும் ஆறு மாதமாவது பழைய கவுண்டரையும் திறந்து வையுங்கள், ஒவ்வொரு மூட்டைக்கும் இலக்கம் போட்டு, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட்ட கொப்பி இரண்டு இருக்கட்டும். எங்கள் மூட்டைகளில் கடைசி நாலு, நான் கண்டிக்குக் கிளம்பிய நாள்வரை அவிழ்க்காமலே கிடந்தன.