பிஎஸ்6 பிக்கப்புக்கு எந்த ஆயில்? ரிமுலா ஆர்4 எல் ஊற்றி ஓட்டிய அனுபவம்

என்னிடம் இரண்டு டீசல் பிக்கப். ஒன்று 2015 மாடல், மற்றது 2021. இரண்டுமே மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேரட்டும் பூண்டும் ஏற்றி, பெருமாள்மலையில் திரும்பி, பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குகிற வண்டிகள். திரும்பி ஏறும்போது உரமூட்டை இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே இழுக்க வேண்டும். ஆயில் விஷயத்தில் அசட்டையாக இருந்தால் இந்தப் பாதை விடாது.

நான் செய்த தவறு, புது வண்டி வந்ததும் பழைய வண்டிக்கு ஊற்றிய ஆயிலையே அதற்கும் ஊற்றியது. "15டபிள்யூ-40 தானே, எல்லாம் ஒண்ணுதான்" என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு வருடத்தில் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கிற வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிய ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுவை குறைந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால், "ஊத்துன கேனை எடுத்துட்டு வா தம்பி" என்றார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏபிஐ சிஐ-4 என்று இருந்தது. "இது பழைய வண்டிக்கு நல்ல ஆயில். இந்த வண்டிக்கு ஆகாது" என்றார்.

15டபிள்யூ-40 என்பது ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண் மட்டும்தான். எந்த இன்ஜினுக்கு ஏற்றது என்பதைச் சொல்வது சிஐ-4, சிகே-4 என்கிற தரக்குறியீடு. சிஐ-4 வந்தது 2002இல். சிகே-4 வந்தது 2016 கடைசியில். நம் ஊரில் பிஎஸ்6 என்கிற புகை மாசு விதி கட்டாயமானது 2020 ஏப்ரலில். அதற்குப் பின் வந்த பல டீசல் வண்டிகளைப் போல என் வண்டிக்கும் புகைபோக்கியில் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை வண்டியே சூடேற்றி எரித்துவிடும். ஆனால் இன்ஜினுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிற ஆயில் விட்டுப்போகும் சாம்பல் எரியாது, அப்படியே தங்கிவிடும். அதனால்தான் சிகே-4 ஆயிலில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகு, ஷெல் ரிமுலா ஆர்4 எல் 15டபிள்யூ-40க்கு மாறினேன். இது சிகே-4, சாம்பல் குறைவான வகை. நான்கு முறை மாற்றியாகிவிட்டது. அந்த விளக்கு இப்போது எப்போதாவதுதான் வருகிறது. பழனி இறங்கி உடுமலை சாலையில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் அணைந்துவிடுகிறது. எல்லாப் பெருமையும் ஆயிலுக்கே என்று சொல்ல மாட்டேன். முன்பு ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி நடை ஓட்டியதும் ஒரு காரணம் என்று அண்ணன் சொல்கிறார். கரி எரிந்து முடிவதற்குள் வண்டியை அணைத்தால், அதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசல் ஆயிலோடு கலக்கும். ஆகவே டிப் ஸ்டிக்கில் அளவு குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏறுகிறதா என்றும் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் ஆயில் நீர்த்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு ஆர்4 எல் ஊற்றிய பிறகு ஒருமுறைகூட அப்படி ஏறவில்லை.

மன்னவனூரில் மார்கழி விடியலில் ஸ்டார்ட் பண்ணும்போது, குளிரில் இன்னும் இளக்கமாக இருக்கிற 5டபிள்யூ ஆயில் வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். 15டபிள்யூ ஆயிலைச் சோதிக்கிற குளிர் மைனஸ் 20 டிகிரி. நம் மலையில் அந்தக் குளிர் கிடையாது. வண்டியோடு வந்த புத்தகம் 5டபிள்யூ-30 கேட்டால் அதைத்தான் ஊற்ற வேண்டும், அது வேறு விஷயம். என் புத்தகம் 15டபிள்யூ-40ஐ ஏற்கிறது.

பழைய வண்டிக்கு ஆர்4 எக்ஸ் ஊற்றுகிறேன். அது சிஐ-4; விலையும் குறைவு. பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம், கடையில் வாங்கும்போது கேனைத் திருப்பிப் பார்த்தே வாங்குங்கள். அவசரத்துக்கு ஆர்4 எல் ஆயிலைப் பழைய வண்டிக்கு ஊற்றலாம். ஆர்4 எக்ஸ் ஆயிலைப் புதியதில் ஊற்றக்கூடாது. ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டதே என்றும் பயப்பட வேண்டாம். டீசல் இன்ஜினில் கரியை அடியில் படியவிடாமல் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கிலோமீட்டரைப் பார்த்து மாற்றுங்கள், நிறத்தைப் பார்த்து அல்ல. புத்தகத்தில் போட்ட தூரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் மாற்றிவிடுகிறேன், மலையும் லோடும் காரணம்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் ஆர்4 எல் கேன் எப்போதும் இருப்பதில்லை. திண்டுக்கல்லில் டீலரிடம் சொல்லிவைத்து, பில்லோடு வாங்குகிறேன், மூடி சீலையும் அங்கேயே பார்த்துவிடுகிறேன். காலி கேனை யாரிடமும் கொடுப்பதில்லை. போலி ஆயில் நிரப்ப நல்ல கேன்களைத்தான் தேடுகிறார்கள். அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டபிறகே பழைய இரும்புக்கடைக்குப் போகிறது.