ஈயச்சொம்பு என்று விற்ற காரீயம்: சிறு குழந்தை உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

இணையத்தில் ஈயச்சொம்பு வாங்கி, அதில் ரசம் வைத்துப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்து முடிக்கும்வரை அந்தச் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த சொம்பில் கால் பங்குக்கும் மேல் காரீயம், அதாவது லெட் (lead) என்ற நச்சு உலோகம். எங்கள் இரண்டு வயது மகனின் ரத்தத்தில் அது ஏறியிருக்கிறது.

பாரம்பரியப் பாத்திரங்கள் விற்கும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் வாங்கினோம். சுத்த வெள்ளீயம் (tin, ஈயச்சொம்பு செய்ய வேண்டிய உலோகம்), கும்பகோணத்துக் கைவேலை என்று எழுதியிருந்தார்கள். விலை நாலாயிரத்துக்கும் மேல். சான்று கேட்டதற்கு ஒரு பரிசோதனைத் தாளின் படத்தை அனுப்பினார்கள். வார்ப்படத் தொழிலில் இருக்கும் என் சித்தப்பா பின்னர் அதைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது ஏதோ ஒரு வெள்ளீயக் கட்டிக்கு எடுத்த சான்று. அந்தக் கட்டியிலிருந்துதான் உன் சொம்பைச் செய்தார்கள் என்று இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். விற்பவர்களிடம் சான்று கேட்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிக்கான சான்று சொம்புக்குச் சான்று ஆகாது.

மகன் சில மாதங்களாகச் சோர்ந்திருந்தான். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான், மலச்சிக்கல் வேறு. ரத்தசோகை என்று இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. குழந்தை மருத்துவர் நிதானமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். கண்மை எங்கே வாங்குகிறீர்கள்? மஞ்சள் தூள் பாக்கெட்டா, உதிரியா? சுவரில், கதவில் பழைய பெயிண்ட் உரிகிறதா? வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா? பஸ்பம் கலந்த நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா? எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள்? சொம்பு என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க எழுதிக்கொடுத்தார். வந்த முடிவு, ஒரு டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், 5 மைக்ரோகிராமை எட்டினாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. வாய்வழி உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். கால்சியம் போல நடித்து எலும்பில் போய்த் தங்கும், வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குள் புகும். படிப்பிலும் கவனத்திலும் அது செய்கிற சேதம் பிறகு சரியாவதில்லை. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக உள்ள பிள்ளைக்கு இன்னும் அதிகமாக ஏறும். பல குழந்தைகளுக்கு வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. அதுதான் எனக்கு இன்றும் தூக்கம் வராத காரணம். இவனுக்கு வயிற்று வலி வந்திருக்காவிட்டால் நாங்கள் அந்த ரசத்தை ஊட்டிக்கொண்டே இருந்திருப்போம்.

சித்தப்பா சொம்பைக் கோயம்புத்தூரில் தனக்குத் தெரிந்த ஓர் உலோகப் பரிசோதனைக்கூடத்துக்கு எடுத்துப் போனார். எக்ஸ்ஆர்எஃப் என்ற கருவியை உலோகத்தின்மேல் வைத்தால் சில நொடிகளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டிவிடும். எங்கள் சொம்பில் கால் பங்குக்கும் மேல் காரீயம் என்று தெரிந்தது அப்படித்தான். கூடவே அத்தையின் பழைய ஈயச்சொம்பையும் கொடுத்தனுப்பினோம். அவருக்குக் கல்யாணச் சீராக வந்தது, நசுங்கிப்போய்ப் பரணில் கிடந்தது. அது கிட்டத்தட்ட முழுவதும் வெள்ளீயம். ஆகவே, நம் முன்னோர் ரசம் வைத்த பாத்திரத்தின்மேல் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நஞ்சை விற்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் மென்மையானவை, எளிதில் உருகுபவை, எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று கலப்பவை. கலந்து வார்த்துத் துலக்கிவிட்டால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கொள்ளை லாபத்துக்கு இது போதும். அதிலும் போயும் போயும் புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரத்தில் கலக்கிறார்கள். புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். ரசம் சொம்பிலேயே கிடக்கக் கிடக்க இன்னும் இறங்கும்.

விற்றவரை அழைத்தேன். “மேடம், காலங்காலமாக ஈயத்தில்தானே சமைக்கிறார்கள்?” என்றார். அறிக்கையை அனுப்பினேன். “புளி போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இருப்பதெல்லாம் போய்விடும்” என்றார். இந்த ஆலோசனையை யாரும் நம்ப வேண்டாம். காரீயம் மேலே ஒட்டிய அழுக்கு அல்ல, சொம்பின் உடம்பு முழுவதும் கலந்திருக்கிறது. தேய்த்தால் புதிய பரப்பு வெளியே வரும், அவ்வளவே. கடைசியில், பயன்படுத்திய பாத்திரத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லி என் எண்ணை முடக்கிவிட்டார். பக்கத்தில் நான் எழுதிய கருத்தையும் நீக்கிவிட்டார்கள். அதே சொம்பு இப்போதும் அங்கே விற்பனையில் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஏற்றது என்ற வரியோடு.

கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சொம்பை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்க்கச் சொல்லும் காணொளிகள் நிறைய உள்ளன. கலப்பு உலோகத்தில் அதை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. சித்தப்பா சொல்லிக்கொடுத்த வழி மேல். முதலில் சொம்பின் எடையைக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சமையலறைத் தராசில் ஒரு பெரிய பாத்திரத்தில் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்ஜியமாக்கி, சொம்பை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது, தண்ணீர் வழியவும் கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் சொம்பின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்த வெள்ளீயம் என்றால் 7.3 அளவில் வரும். காரீயத்தின் அடர்த்தி 11.3, கால் பங்கு கலந்தாலே விடை 8ஐத் தொடும். எங்களுடையது எட்டையும் தாண்டியது. ஆனால் 7.3 வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலப்பை இந்த முறை பிடிக்காது, குழந்தைக்கு அதுவே அதிகம். சந்தேகத்தைத் தீர்ப்பது பரிசோதனைக்கூடம் மட்டுமே. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுப்பவர்களுக்கும் இதே கவலை உண்டு. பூசுபவர் உருக்குவது வெள்ளீயம்தானா என்று விசாரிக்காமல் கொடுக்காதீர்கள்.

மகனுக்கு இப்போது சற்றுத் தேவலை. காரீயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக 45 மைக்ரோகிராமை எட்டினால்தான் கொடுப்பார்களாம். இவனுக்குச் சொம்பை நிறுத்தியதும், இரும்புச்சத்தும் கால்சியமும் கொடுத்ததும்தான் சிகிச்சை. மறு பரிசோதனையில் அளவு இறங்கியிருக்கிறது, முழுவதும் இறங்கவில்லை. எலும்பில் தங்கியது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும் என்கிறார் மருத்துவர். நீங்களும் இப்படிப்பட்ட சொம்பில் சமைத்திருந்தால், பிள்ளை ஓடி ஆடிக்கொண்டிருந்தாலும் இந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கும் செய்யுங்கள். தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்குப் போகும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பில், பணம் செலுத்திய விவரம், விளம்பரத்தின் படம், உரையாடல் எல்லாவற்றையும் சேமித்துவையுங்கள். விளம்பரத்தை அவர்கள் எந்த நேரமும் மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்று: கோபத்தில் சொம்பைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடாதீர்கள், யாருக்கும் தானமாகவும் கொடுத்துவிடாதீர்கள். அதை உருக்கி மறுபடியும் ஒரு சொம்பு வார்த்து இன்னொரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களுடையதைத் துணியில் சுற்றி, ‘விஷம், சமைக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டி, வழக்குக்கான காகிதங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.