மணல் தட்டு, எழுத்து அட்டை, கதைக் கொப்பி: சின்னப் பிள்ளைகளுக்கு எதைத் தெரிவு செய்வது?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த ஒரு முன்பள்ளியில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். எழுத்தையும் கைவேலையையும் இணைத்துச் செய்வதற்கு நாளுக்கு ஒரு பாடவேளை மட்டுமே கிடைப்பதால், அதை எதற்குக் கொடுப்பது என்று இவ்வருடத் தொடக்கத்தில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மணல் தட்டில் விரலால் எழுதுதல், மட்டையில் வெட்டிய எழுத்துகளைப் பொருத்துதல், பிள்ளை சொல்வதை ஆசிரியர் எழுத, பிள்ளை அதற்குப் படம் கீறி ஒட்டும் கதைக் கொப்பி என மூன்று வழிகள் இருந்தன. நான் கதைக் கொப்பியைத் தெரிவு செய்தேன்.

மணல் தட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏடு தொடக்கும் நாளில் தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பது நம் வீடுகளில் பழகிய வழக்கம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையாரும் சொரசொரப்பான அரத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்தே கற்பித்தார். எழுத்தின் போக்கு விரலுக்குப் பழகுகிறது. பிழைத்தால் அழிறப்பர் வேண்டாம், தட்டை ஒருமுறை ஆட்டினால் போதும். அ, இ, ஞ போன்ற வளைவு மிகுந்த எழுத்துகளுக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் கண்டதில்லை.

எழுத்து அட்டைகளுக்கு வேறொரு சிறப்பு உண்டு. தமிழில் எழுத்துகள் 247 என்றாலும் அத்தனையையும் வெட்ட வேண்டியதில்லை. உயிர் 12, அகரமேறிய மெய் 18, அவற்றோடு கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனித்தனியாக வெட்டிக்கொண்டால், ‘க’வுக்கு முன்னே கொம்பையும் பின்னே காலையும் வைத்து ‘கொ’ ஆக்குவதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கலாம். ஒலியில் பின்னே வருவது எழுத்தில் முன்னே நிற்பதை வாயால் விளக்குவது கடினம்; அட்டை அதை எளிதில் காட்டிவிடுகிறது. ஆனால் கு, சு, து, ணு என உகரம் எழுத்துக்கு எழுத்து உருமாறுவதால் அவற்றை முழுதாகவே வெட்ட வேண்டும், வேலை அங்கேதான் பெருகுகிறது.

கதைக் கொப்பியின் செய்முறை எளியது. ‘ஏ4’ தாள்கள் இரண்டை நடுவே மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு ஒரு வசனம் போதும். ஆச்சி வீட்டுக் கோழி, அப்பாவோடு தோணியில் போனது, கோயில் திருவிழாவில் வாங்கிய பலூன் என்று பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லும். நான் அதைப் பெரிய எழுத்தில், பிள்ளையின் கண்முன்னே எழுதுவேன். “மறுகா கோழி ஓடிட்டு” (பிறகு கோழி ஓடிவிட்டது) என்று சொன்னால் அப்படியே எழுதுகிறேன். இதைச் சில பெற்றோர் விரும்புவதில்லை, ஏட்டுத் தமிழைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்கிறார்கள். அவர்களது அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை விரல் வைத்து வாசிக்கும்போது வாயில் வரும் சொல்லும் விரலின் கீழுள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால்தான், எழுதப்பட்டது பேச்சு என்பது அதற்குப் பிடிபடும். ஏட்டுத் தமிழை அச்சான கதைப்புத்தகங்களை நாம் உரக்க வாசிப்பதன் மூலம் கொடுக்கலாம், அதை நாங்கள் நாள்தோறும் செய்கிறோம்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மாரியில் மணல் ஈரமாகி விரலில் ஒட்டும். காயவைத்து அரிக்க வேண்டும். மூடாமல் விட்டால் பூனை அசுத்தப்படுத்திவிடும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது கண்ணுக்குள் போகும். அட்டைத் தொகுதியில் ஒரு கொம்பு தொலைந்தால் கெ, கொ வரிசைகள் இரண்டும் நின்றுவிடும், ஈரக்காற்றில் மட்டை வளைந்தும் போகும். கதைக் கொப்பிக்கும் இந்த ஈரமே எதிரிதான், ஆனால் அதன் பராமரிப்பைச் செய்யும்போதே முடித்துவிடலாம். ஸ்டேப்ளர் கம்பி உப்புக்காற்றில் துருவேறித் தாளைக் கறையாக்கும் என்பதால், மடிப்பில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தைக்க வேண்டும். கோதுமை மாப் பசை எறும்பையும் பூஞ்சணத்தையும் அழைக்கும். புத்தகம் கட்டுவோர் அதில் கலக்கும் துருசு (மயில்துத்தம்) நஞ்சு, பிள்ளைகளின் கை படும் பசையில் அது கூடவே கூடாது. ஆகவே கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையான பைண்டர் கம்மே நல்லது. நெல்லும் பயறும் ஒட்டிய பக்கங்கள் அழகாயிருந்தாலும் எலிக்கு இரையாகும். அவற்றுக்குப் பதிலாகக் கைத்தறித் துணித் துண்டுகளை ஒட்டுகிறோம்; கைத்தறி நெசவுக்குப் பேர்போன மருதமுனைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு இவை எளிதில் கிடைக்கும். நிறத்துக்கு மெழுகு வர்ணக்குச்சியும் எழுத்துக்குப் பென்சிலும் போதும், ஏனெனில் ஜெல் பேனையும் நீர் வர்ணமும் ஈரத்தில் கலைந்துவிடும். பால்மாப் பெட்டியின் மட்டை உறையாகும்.

இத்தனை கவனமும் எதற்கென்றால், கொப்பி நிலைத்தால்தான் மறுபடி வாசிக்கப்படும். ஆட்டிய மணலில் நேற்றைய எழுத்து இல்லை. பொருத்திய அட்டை மாலையில் பெட்டிக்குள் போய்விடும். தன் கோழிக் கதையைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆச்சிக்கு வாசிக்கிறது, திரும்பக் கொண்டுவந்து தோழருக்கு வாசிக்கிறது. தொடக்கத்தில் அது மனப்பாடம்தான். பிறகு ‘கோழி’ என்ற சொல்லை இன்னொரு பிள்ளையின் கொப்பியிலும் கண்டு “இது என்ட கோழி” என்று காட்டும்போது வாசிப்பு தொடங்கிவிட்டது என்று கொள்கிறேன்.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்களோடு இதை நான் அதிகம் செய்ததில்லை. மிகக் குறைவாகப் பேசும் பிள்ளைகளில் சிலர் படத்தை மட்டும் கீறிவிட்டு எதுவும் சொல்லமாட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தின் கீழ்ப்பகுதியை வெறுமையாக விட்டுவைக்கிறேன், அது போதுமா என்பதில் எனக்கே உறுதியில்லை. தரம் 1இல் இப்பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதையும் சிலரிடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒரு பிள்ளையோடு வீட்டில் செய்யும் பெற்றோர் தயங்காமல் கதைக் கொப்பியோடு தொடங்கலாம், வாரத்துக்கு ஒன்று போதும். வரும் ஜனவரியில் தரம் 1க்குப் போகவிருந்தும் இன்னும் பென்சில் பிடிக்கத் தயங்கும் பிள்ளையாக இருந்தால், கோடை மாதங்களில் மணல் தட்டை முதலில் கொடுத்து, மழை தொடங்கும்போது கொப்பிக்கு மாறுவது நல்லது.