மதியமா, நான்கு மணியா, மாலையா: மார்கழியில் எந்தக் கச்சேரிக்குப் போவது?

சென்னையின் டிசம்பர் கர்நாடக இசை சீசன் அட்டவணை கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது யார் பாடுகிறார் என்பதைத்தான். எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன் நான். அதே சபா, அதே மேடை என்றாலும் மதியக் கச்சேரி ஒரு தினுசு, மாலைக் கச்சேரி வேறு தினுசு. வேலை, வீடு இவற்றுக்கு நடுவே நாலைந்து கச்சேரிக்குத்தான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பெயர்கள் எல்லாம் மாலையில்தான். டிக்கெட்டும் அதற்குத்தான் சீக்கிரம் தீர்கிறது. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் கிடைப்பதால் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரி அமைப்பு முழுசாக வந்துவிடும்: வர்ணம், விறுவிறுப்பான ஒன்றிரண்டு கீர்த்தனைகள், விரிவான பிரதான உருப்படி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடாக்கள் எனும் சின்னப் பாடல்கள். ராகத்தை விரித்துப் பாடி, தானம் பாடி, ஒரு வரிப் பல்லவியில் முடியும் ராகம் தானம் பல்லவியைக் கேட்க வேண்டும் என்றால் மாலைக்குப் போவதுதான் நல்லது. பல்லவியின் ஒரே வரியை மூன்று காலத்தில் பாடி, மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்கு மாற்றி, மறுபடி வரி தொடங்கும் எடுப்புக்குக் கொண்டுவந்து சேர்க்க நிதானமும் நேரமும் வேண்டும். ஒன்றரை மணி நேர மதியக் கச்சேரியில் அதற்கு இடமில்லை.

ஆனால் மாலையில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, உருப்படித் தேர்வு. நிறைந்த அரங்கம் கேட்டுப் பழகியதையே எதிர்பார்க்கிறது; பாடுபவரும் பெரும்பாலும் அதையே கொடுக்கிறார். இன்னொன்று, தனி ஆரம்பித்ததும் எழுந்து போகும் கூட்டம். இதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) நாலாகி, நாலு இரண்டாகக் குறைந்து, கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளுக்கு வரும் இடம்தான் சில நாள் கச்சேரியின் உச்சம். அந்த நேரத்தில் நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தமும் முழங்காலை உரசிக்கொண்டு போகிறவர்களும்! அவ்வளவு நேரம் கூடவே வாசித்த கலைஞருக்கு நாம் தரும் மரியாதை இதுவல்ல.

மதியத்துக்கு வருவோம். பெரும்பாலான சபாக்களில் இலவசம், முன்வரிசையில் தாராளமாக இடம் கிடைக்கும். பாடுகிறவர்களில் பலருக்கு இருபதைச் சுற்றித்தான் வயது. பாடகர் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் புதிதாக ஒரு பிரயோகம் பிடிக்கிறார், வயலின்காரர் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே வில்லில் எடுத்துக் கொடுக்கிறார். முன்வரிசையில் இருந்தால் அந்தப் பார்வை வரைக்கும் தெரியும். குருவிடம் பாடம் பண்ணிய அபூர்வமான கிருதிகளை இந்தப் பிள்ளைகள் தைரியமாக எடுக்கிறார்கள். மணிரங்கு மதியத்துக்கு உரிய ராகம் என்பார்கள். மாலை மேடைகளில் அதை விரிவாகக் கேட்பது அரிது, மதியத்தில் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

குறைகளும் உண்டு. முக்கால்வாசி காலியான அரங்கில் ஒலி எதிரொலிக்கும், மிருதங்கத்தில் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கம் குழம்பிப் போய்த்தான் காதில் விழும். நேரம் போதாத அவசரம் எல்லாவற்றிலும் தெரியும். பிரதான ராகம் சூடு பிடிக்கும்போதே கீர்த்தனைக்குப் போக வேண்டியிருக்கும், தனிக்குச் சில நிமிடங்களே மிஞ்சும். ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவல் பாடினால் ஸ்வரத்தைக் குறைத்தாக வேண்டும். இது பாடுபவரின் குறை இல்லை, கடிகாரத்தின் குறை.

இரண்டுக்கும் நடுவே இருக்கிறது நான்கு மணி. என் ஓட்டு இதற்குத்தான். இந்த நேரத்தில் மேடை ஏறுபவர்கள் பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள். குரல் கனிந்திருக்கும், பெயரை நிலைநாட்டும் வேகமும் குறைந்திருக்காது. அடுத்த ஆண்டு ஏழு மணிக்கு உட்கார வேண்டும் என்ற முனைப்பு ஒவ்வொரு உருப்படியிலும் தெரியும். நேரமும் மாலைக் கச்சேரியோடு ஏறத்தாழ ஒப்பிடலாம், பக்கவாத்தியமும் குறைவில்லாமல் இருக்கும். டிக்கெட் விலையும் கையைக் கடிக்காது. ஒரு கல்யாணியையோ தோடியையோ இவர்கள் அரை மணி நேரம் பிரித்துப் பாடும்போது, அடுத்து எங்கே போவார் என்று நமக்குத் தெரியாது. மாலையில் பல பேரிடம் அது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

சாகித்யம் புரிந்து கேட்க வேண்டும் என்பவர்களுக்கு நேரத்தை விட இடம் முக்கியம். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும். 1943-இல் தமிழ்ப் பாடல்களுக்காகவே தொடங்கிய சங்கம் அது. மயிலாப்பூர் வட்டாரத்திலேயே சீசன் முழுவதும் சுற்றிவருபவர்கள் ஒரு நாளாவது அங்கே போக வேண்டும். காலையில் நடக்கும் பண் ஆராய்ச்சியில், தேவாரப் பண்ணுக்கும் இன்றைய ராகத்துக்கும் உள்ள உறவைப் பாடியே காட்டுவார்கள்.

இணையத்தில் கேட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். 2020-இல் கொரோனாவால் சீசனே இணையத்துக்குப் போனபோது அது பெரிய ஆறுதல்தான். வெளியூரில் இருப்பவர்களுக்கும் உட்கார முடியாத முதியவர்களுக்கும் இன்றும் அது வரம். ஆனால் சென்னையில் இருந்துகொண்டு மதியக் கச்சேரியை மட்டும் திரையில் பார்க்காதீர்கள். எதிரே ஐம்பது பேர் உட்கார்ந்து தாளம் போட்டால் அந்தப் பையனோ பெண்ணோ பாடும் பாட்டே மாறுகிறது.

நான்கு மணிக்கு ஒரே தடை அலுவலகம்தான். சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் விடுமுறை ஆகியவற்றை இதற்கென்று ஒதுக்குங்கள். பல்லவிக்காக ஒரே ஒரு மாலை டிக்கெட் போதும், அதை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். விடுமுறை நாளில் மதியத்தையும் நான்கு மணியையும் சேர்த்தே கேட்கலாம் என்றால் 11 மணிக்கே கேன்டீனில் இலை போட்டு உட்கார்ந்துவிடுங்கள். தாமதித்தால் வரிசையில் நிற்கும் நேரத்தில் வர்ணம் போய்விடும்.