தினம் ஒரு படம்: நான்கு வருடப் பழக்கத்தின் கணக்கு

2021 ஜனவரி 1 அன்று தொடங்கினேன். 2024 டிசம்பர் 31 வரை 1,461 நாட்கள். கையில் இருப்பவை 1,438 படங்கள். விடுபட்ட 23 நாட்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எல்லாமே போனில் எடுத்தவை. தனியாகக் கேமரா எதுவும் வாங்கவில்லை, வாங்கவேண்டிய தேவையும் வரவில்லை.

எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள் கொஞ்சம்தான். ஒரு நாளில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் படுக்கப் போகுமுன் ஒன்றை மட்டும் தேர்ந்து வைக்கவேண்டும். அது செடி, வானம், பூச்சி, பறவை என்று இயற்கையாக இருக்கலாம். இல்லையென்றால் வீட்டுக்குள் நடப்பதாக இருக்கலாம். படத்துக்காக எந்தப் பொருளையும் எடுத்து அடுக்கக்கூடாது. கடைசியாக, படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதவேண்டும். இந்த நாலாவது விதியைத்தான் முதலில் அலட்சியமாக நினைத்தேன். இப்போது எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. வாசலில் நனைந்த குடை ஒன்று விரிந்து கிடக்கும் படம் இருக்கிறது. யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் உற்சாகத்துக்குக் குறைவில்லை. பாதிக்கு மேல் சூரிய அஸ்தமனம். இன்று அவற்றைப் புரட்டினால் எது எந்த நாள் என்று தேதியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. மார்ச் பிறந்ததும் எடுக்க ஒன்றுமே இல்லை என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. இந்தப் பழக்கத்தைத் தொடங்குகிறவர்கள் பலர் விடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். புதிதாக எதையாவது தேடிப் போவதை நிறுத்திவிட்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கத் தொடங்கியதால்தான் நான் தப்பினேன்.

ஹாலில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, காலை 8 மணிக்கு, எதிர்ச் சுவரோரம் ஒரே தரைக்கல்லில் நின்று அந்த ஜன்னலை எடுப்பேன். அன்றைய படம் அதுதான். ஒரு வருடப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நடந்துபோவது தெரிந்தது. மார்ச், செப்டம்பர் வாக்கில் மாதத்துக்கு மாதம் நிழல் வெகுதூரம் தள்ளிப் போகிறது; ஜூனிலும் டிசம்பரிலும் நின்றுவிட்டாற்போல் இருக்கிறது. சூரியன் உதிக்கும் திசை சம இரவு நாட்களை ஒட்டி வேகமாக மாறும், கோடை உச்சியிலும் குளிர்கால உச்சியிலும் மாற்றம் மிகக் குறைவு என்று பள்ளியில் படித்ததுதான். என் வீட்டுத் தரையில் பார்த்த பிறகே அது எனக்குள் இறங்கியது.

எடுக்கும் முறையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றியது. ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தினால் முகம் கருத்துப்போகும். திரையில் முகத்தைத் தொட்டால் முகம் தெரியும், வெளியே வானம் வெளுத்துவிடும். வானத்தைத் தொட்டால் நேர்மாறு. எது வேண்டும் என்று முடிவெடுத்து, அங்கே விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தில் வெளிச்சத்தின் அளவு) பூட்டிக்கொள்ளும்; அப்புறம் விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான போன்களில் இது ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைக்க முடிந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. ஃப்ளாஷ் நான்கு வருடத்தில் ஒரு நல்ல படமும் தரவில்லை. இரவுப் படம் மங்கலாக இருந்தால் முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்; பாதி நேரம் காரணம் விரல் ரேகைதான்.

சின்னப் பொருள்களுக்குச் செய்த தவறு, போனை அவற்றின்மேல் முட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனது. ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்கு மேல் நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது என்று ஒரு தூரம் உண்டு. ஒரு சாண் பின்னால் வந்து, 2 மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் தெளிவாக வரும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது தொட்டியில் இருந்த எலுமிச்சைச் செடி.

ஒரு நாள் இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. மறுநாள் அது வேறு இலையில் இருந்தது. புழு! பறவைகள் ஒதுக்கிவிடட்டும் என்று அந்த வகை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு எச்சம் போலவே வேஷம் போடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தோலுரித்துத் தோலுரித்து, கடைசியில் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு வந்தது. தெரியாமல் விரல் பட்டபோது தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று சட்டென்று நீண்டது, கூடவே ஒரு காட்டமான வாடை. பிறகு ஒரு காம்பில், இடுப்பைச் சுற்றி ஒற்றைப் பட்டு இழை கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனது. பதினோரு நாள், பதினோரு படங்கள், எல்லாம் ஒன்று போலவே. பதினோராம் நாள் மட்டும் கூடு கருத்து, உள்ளே மடிந்த சிறகின் புள்ளிகள் வெளியே தெரிந்தன. மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் கூடு காலி. பக்கத்துக் கிளையில் கசங்கிய சிறகோடு அது தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் தேர்ந்து வைத்தது வண்ணத்துப்பூச்சியை அல்ல, காலிக் கூட்டை. வெயில் அதன் ஊடாகத் தெரிகிற அந்தப் படம்தான் இந்த 1,438இல் எனக்கு மிகவும் பிடித்தது.

படம் எடுப்பது நினைவை மழுங்கடிக்கும் என்று சொல்வார்கள். அது பொய்யில்லை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படம் எடுத்தவர்கள் அவற்றை வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை ஏற்படவில்லை. என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. சூரிய அஸ்தமனங்கள் போய்விட்டன, புழுவின் கொம்பு அப்படியே இருக்கிறது.

நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 முதல், 1997 அக்டோபர் 25 அன்று தான் இறக்கும்வரை, தினம் ஒரு போலராய்டு, அதாவது எடுத்ததுமே அச்சாகி வெளியே வரும் படம், எடுத்தார். போலராய்டில் அழித்துவிட்டு மறுபடி எடுக்கிற வசதி கிடையாது. அதைப் படித்துவிட்டு ஒரு மாதம் முழுக்க நாளுக்கு ஒரே ஒரு கிளிக் என்று இருந்து பார்த்தேன். பட்டனை அழுத்துவதற்கு முன் நிற்கிற நேரம் தானாகவே கூடிவிட்டது. சலிப்பு தட்டியவர்களுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன்.

இனி அந்த 23 நாட்கள். ஒன்பது நாள் காய்ச்சலில் விட்டது. மீதி பதினான்கு, பழுது பார்க்கக் கொடுத்த போன் எல்லாம் அழிக்கப்பட்டுத் திரும்பி வந்ததால் போனவை. கொடுக்கும் முன் நான் பேக்அப் எடுத்திருக்கவேண்டும். இன்றும் அந்தப் பதினான்கு நாட்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தேர்ந்த படங்களை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, ஆன்லைனில் ஒரு பிரதி என்று ஏற்றிவிடுகிறேன். இடம் போதாது என்று பயப்பட வேண்டாம். படம் ஒன்று 4 எம்பி என்று வைத்தாலும் நான்கு வருடத்துக்கு 6 ஜிபிகூட ஆகாது. கோப்புக்கு 2023-07-14 என்கிற மாதிரி பெயர் வைத்தால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதைப் பிரதியாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது தரம் குறைந்துதான் போய்ச் சேரும்.

மகளுக்குப் பத்து வயதானபோது, "அம்மா, என்னைக் கேட்டுட்டு எடும்மா" என்றாள். சரி என்றேன். அன்றிலிருந்து அவள் படங்கள் குறைந்தன; அவிழ்ந்த ஷூ லேஸ், திறந்தபடி கிடக்கும் பேனா, நாற்காலி முதுகில் தொங்கும் பை எல்லாம் கூடின. அவற்றிலும் அவள் நன்றாகவே தெரிகிறாள்.

2023 டிசம்பர் கடைசியில் பிரிண்ட் போடுவதற்காக மாதாந்திர ஜன்னல் படங்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தின் ஓரத்தில் அப்பாவின் நாற்காலி. 2021இல் புத்தக அலமாரியை ஒட்டி இருந்தது, 2022 ஆகஸ்டில் இரண்டு தரைக்கல் தள்ளி ஜன்னல் பக்கம் வந்திருந்தது. 2023 டிசம்பரில் அதன் கைப்பிடி ஜன்னல் திட்டில் இடித்துக்கொண்டிருந்தது. தினமும் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் நடக்கிறோம், யாருக்கும் தெரியவில்லை. "ஏம்ப்பா, இவ்வளவு பக்கத்துல உக்கார்றீங்க?" என்று கேட்டேன். "எழுத்து தெரியணும்ல" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக அறுவை சிகிச்சை முடிந்தது. 2024 ஜூன் 1 படத்தில் நாற்காலி அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டது. நாங்கள் யாரும் நகர்த்தவில்லை.