எழுபத்திரண்டு!

இந்த முறை கும்பகோணத்தில் மூன்று வாரம். வங்கி வேலை, வீட்டு வரி, காஸ் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதில் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு எடை மெஷினைப் பற்றி.

வந்த நாலாம் நாள் வலது முட்டி பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்கினால் உள்ளே ஏதோ உரசுகிற மாதிரி. நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் என்றால், டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். இங்கே சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் டாக்டர். அந்த நினைப்பே இனித்தது. துணைக்குச் சித்தியும் வந்தாள்.

ஆறு மணி டோக்கனுக்கு எட்டரைக்குத்தான் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அதைக் குறை சொல்லவில்லை. குறை மெஷின் இருந்த இடத்தில். ஹாலுக்கு நட்டநடுவே, தூணில் மாட்டிய நகைக்கடை காலண்டருக்குக் கீழே. ஏறி நின்றேன். நோட்டு எழுதுகிறவர் ஹாலின் அந்தக் கோடியில், மருந்துக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில். சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு அவரை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"எழுபத்திரெண்டு!"

"அறுபத்திரெண்டா?"

"எழுபது! எழுபத்திரெண்டு!"

இருபது பேராவது மொபைலிலிருந்து தலையைத் தூக்கினார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் 'ச்சு' கொட்டியது எனக்கு நன்றாகக் கேட்டது. சித்தி என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "கைப்பையோட ஏறிட்டா, அதையும் சேத்துக் காட்டுது" என்று சிஸ்டரிடம் வாதாடினாள். பை சித்தி தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே எனக்கு முந்தைய நோயாளி இன்னும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முட்டியைப் பார்க்கவே இல்லை.

"வெயிட்டைக் குறைங்க, முட்டி தானா சரியாயிடும். ஃபாரின்ல பீட்சா, பர்கர்தானே? அரிசியை நிறுத்துங்க. தினம் ஒரு மணி நேரம் நடங்க."

பீட்சா தின்று ஆறு மாதம் ஆகிறது, என் வீட்டில் தினம் ரசம் சாதம்தான் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது. நடக்க முடியவில்லை என்றுதானே டாக்டரிடம் போனேன்? அதையும் சொல்லவில்லை. ஒரு வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, ஒரு கால்சியம். அவ்வளவுதான். கோபத்தில் நேரே போய் டிகிரி காபி குடித்தேன், சர்க்கரை தூக்கலாக.

அன்று ராத்திரி சித்தியிடம், சின்ன வயதில் பார்த்த பழைய டாக்டரைப் பற்றிப் புலம்பினேன். மர பெஞ்சு, கம்பவுண்டர், அளவுக்குக் காகிதக் கீற்று ஒட்டிய ரோஸ் கலர் மிக்ஸ்சர் பாட்டில். யார் வீட்டில் என்ன சமையல் என்பது வரை அவருக்குத் தெரியும். "ஆமா, தெரியும். உன்னைப் பூசணிக்காய்னு கூப்பிட்டாரு, நீ ரெண்டு நாள் சாப்பிடாம அழுதே" என்றாள் சித்தி. அதை நான் வசதியாக மறந்திருக்கிறேன்.

சரி, அங்கே மட்டும் என்ன வாழ்கிறது? லெஸ்டரில் பதினோரு வருஷமாக ஒரே ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர். ஒரு தடவைகூட என் எடையைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. மனசு புண்படுமாம். நாற்பது வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிற இலவசப் பரிசோதனையில் நர்ஸ் ஏதோ முணுமுணுத்தார், கையில் ஒரு தாளைக் கொடுத்தார், முடிந்தது. இத்தனைக்கும் அந்த நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேறு எதற்கோ வந்த நோயாளியிடம், கிளம்பும் நேரத்தில், "எடை குறைக்க உதவும் இலவச வகுப்பு இருக்கிறது, உங்களை அனுப்பட்டுமா?" என்று டாக்டர் அரை நிமிஷம் கேட்க வேண்டும். 137 டாக்டர்கள், 1882 நோயாளிகள். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பொருத்தமும் இல்லை, பிரயோஜனமும் இல்லை என்று சொன்னவர்கள் மொத்தமே நாலு பேர். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், அப்படி அனுப்பப்பட்டவர்களுக்குச் சராசரியாக 2.4 கிலோ குறைந்திருந்தது. வெறும் அறிவுரை கேட்டவர்களுக்கு 1 கிலோ. அந்த அரை நிமிஷம் எனக்கு அங்கேயும் கிடைக்கவில்லை, இங்கேயும் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு எனக்கு 27.4. தெற்காசியர்களுக்கு இங்கிலாந்து வைத்திருக்கும் உடல் பருமன் அளவு 27.5, ஆக அங்கே நான் 'கொஞ்சம் அதிகம்'. இந்தியாவில் நம் டாக்டர்கள் வைத்திருக்கும் கோடு 25. விமானத்தை விட்டு இறங்குவதற்குள் உடல் பருமன் நோயாளியாகிவிட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் இந்த 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். அந்த ஹாலில் தலையைத் தூக்கிப் பார்த்தவர்களிலேயே எத்தனை பேரோ!

அப்புறம் ஊருக்குக் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது சித்திக்குத் தலைசுற்றல். முதலில் போன கிளினிக்குக்கு நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த சின்ன கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் என்று உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் போகாது. மெஷின் திரைக்குப் பின்னால் இருந்தது. எண்ணை அவளே பார்த்து அவளே எழுதிக்கொண்டாள். பி.பி.யைப் பார்த்து, மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, பேனாவை மூடினாள்.

"உங்க எடையைப் பத்திக் கொஞ்சம் பேசலாமாம்மா? இன்னிக்கு வேண்டாம்னாலும் சரி."

சித்தி திரும்பி என் காதில், "கேட்டுட்டுத் திட்டுறாளே" என்றாள்.

திட்டவில்லை. இடுப்பை டேப் வைத்து அளந்தாள்: 94 சென்டிமீட்டர், நம் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்றாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாள் என எதிர்பார்த்தால், "வீட்டுல கடைசியா சாப்பிடறது யாரு? மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். சித்தி ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், ராத்திரி பத்து மணிக்கு மேல் பாத்திரம் ஒழிக்கும்போது மீந்த சாதத்தில் மோரை ஊற்றித் தானே தின்று தீர்ப்பதையும், கொட்ட மனசு வராததையும் சொன்னாள். நாற்பது வருஷப் பழக்கம். கூடவே இருந்து வளர்ந்த எனக்கே தெரியாது.

"சாதத்தை நிறுத்த வேண்டாம். ராத்திரிக்கு வடிக்கிற அரிசியைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வந்து என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. முடியலேன்னாலும் வந்து சொல்லுங்க."

எழுந்திருக்கும்போது நான் நொண்டியதைப் பார்த்து என்னையும் உட்கார வைத்தாள். முட்டியை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கிற பயிற்சி ஒன்று சொன்னாள். இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். 2019இல் சேர்ந்த பேட்ச்சாம். அந்த வருஷம்தான் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறி, நோயாளியிடம் பேசுவதும் பாடமானது. சொன்னதைக் கடைப்பிடிக்க முடியாத பருமனான நோயாளியைப் புரிந்துகொண்டு, குற்றம் சாட்டாமல் பேசத் தெரிய வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம். "பரீட்சைக்கு எல்லாரும் படிச்சோம். நாப்பது பேர் வெளில நிக்கும்போதுதான் வாயில வர மாட்டேங்குது" என்று சிரித்தாள். அன்று வெளியே ஆறு பேர்தான் இருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் அந்த முதல் கிளினிக் பக்கம் போக வேண்டியிருந்தது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லக் கூடாதா என்று அந்த சிஸ்டரிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. "மெதுவா சொன்னா அவருக்கு எப்படி மேடம் கேக்கும்? அவர் அங்கல்ல இருக்காரு?" நோட்டை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாமே என்றேன். அங்கே பிளக் பாயிண்ட் இல்லை, அவருக்கு டேபிள் ஃபேன் வேண்டும் என்றார்.

லெஸ்டர் திரும்பி இரண்டு வாரம் ஆயிற்று. நேற்று சித்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. ராத்திரி அரிசி ஒன்றரை ஆழாக்கிலிருந்து ஒன்றேகால் ஆழாக்குக்கு வந்திருக்கிறதாம். இரண்டு நாள் மட்டும் முடியவில்லையாம், அதையும் போய்ச் சொல்லிவிட்டாளாம். "நீ அங்கே முட்டியைக் காட்டினியா?" என்று கேட்டிருந்தாள். இன்று காலை எட்டு மணிக்கே ஃபோன் போட்டுவிட்டேன். வரிசையில் நான் பதினேழாவது ஆள்.